கடுக்காய் போட்டியா? மொட்டை மாடியில் முதல் அச்சடித் துணி

என் முதல் அச்சடித் துண்டு மூன்று நாள் அழகாக இருந்தது. நாலாம் நாள் வாளியில் ஊறப்போட்டேன். தண்ணீர் சிவந்தது, துண்டு வெளுத்தது, கூட ஊறிய வெள்ளை வேட்டி ரோஸ் நிறத்தில் எழுந்து வந்தது. 'சாயம் வெளுத்துப் போச்சு' என்று ஊரில் சொல்கிற பேச்சின் நேர்ப்பொருள் அன்றைக்குத்தான் தெரிந்தது.

எதிர்வீட்டில் ஒரு சௌராஷ்டிரப் பெரியவர். வாழ்நாளில் பெரும்பகுதியைச் சாயப்பட்டறையில் கழித்தவர். கொடியில் தொங்கிய துண்டைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை, தெருவில் நின்றபடியே கேட்டார்: "கடுக்காய் போட்டியாப்பா?" போடவில்லை. ஏதோ சாயப்பொடியைக் கோந்தில் குழைத்து, மர அச்சில் தொட்டு அடித்திருந்தேன், அவ்வளவுதான். "அச்சு அடிக்கிறது அரை நாள் வேலை. மத்த வேலையெல்லாம் அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் கிடக்கு" என்றார்.

இந்தக் கட்டுரையில் பெரும்பகுதி அந்த முன்னாடியும் பின்னாடியும்தான். 2 மீட்டர் பருத்தித் துணி, ஒரு சின்னப் பூ அச்சு, ஒரு கரை அச்சு, சிவப்பும் கறுப்புமாக இரண்டே நிறம். இதற்கு மேல் முதல் தடவை ஆசைப்படாதீர்கள். எல்லாமே மதுரைக்குள் கிடைக்கிற சரக்கு. கறுப்புக்கான பானை ஒன்று தயாராக 15 நாள் ஆகும். அது போக, துணியோடு ஒரு பத்து நாள் மல்லுக்கட்ட வேண்டும்.

இத்தனை சுற்று எதற்கு?

பூப்போட்ட பருத்தித் துணியை நம் பாட்டிமார் 'சீட்டி' என்பார்கள். சீட்டிப் பாவாடை, சீட்டிச் சட்டை. வடக்கே 'சீண்ட்' என்று வழங்கும் சொல்லின் உறவு இது. அதே சொல்தான் கப்பலேறிப் போய் ஆங்கிலத்தில் 'சின்ட்ஸ்' ஆனது.

போன துணி சும்மா போகவில்லை. எகிப்தில் பழைய கெய்ரோவின் ஃபுஸ்தாத் பகுதி மண்மேடுகளில் கந்தல் கந்தலாகக் கிடைத்த பருத்தித் துண்டுகளில் ஏராளமானவை குஜராத்தில் அச்சடிக்கப்பட்டவை. கரிமக் கணிப்பில் சில ஆயிரம் ஆண்டு தாண்டியவை. குப்பையில் ஆயிரம் வருஷம் கிடந்தும் சிவப்பு சிவப்பாகவே இருக்கிறது. என் துண்டு நாலு நாள் தாங்கவில்லை.

17ஆம் நூற்றாண்டில் இந்தத் துணிக்கு ஐரோப்பா பைத்தியமாக அலைந்தது. அங்கத்திய கம்பளி, பட்டு நெசவாளர்கள் வயிற்றெரிச்சலில் முட்டி மோதினார்கள். பிரான்ஸ் 1686இல் அச்சடித் துணிக்குத் தடை போட்டது, 1759 வரை அந்தத் தடை நீடித்தது. இங்கிலாந்து 1700இல் இறக்குமதியைத் தடுத்தது. அதுவும் போதாமல், 1721இல், உடுத்தவே கூடாது என்று சட்டம் கொண்டுவந்தது. 1774இல்தான் அது விலகியது. அவர்களுக்கு மரத்தில் அச்சு வெட்டத் தெரியாமல் இல்லை, காகிதத்தில் படம் அடித்துப் பழகியவர்கள்தான். பருத்தியில் பல நிறங்களைத் துவைத்தாலும் போகாமல் நிறுத்துகிற கைப்பக்குவம் முழுசாகப் பிடிபடத்தான் நாளாயிற்று. 1742இல் கெர்தூ என்கிற பிரெஞ்சு இயேசு சபைப் பாதிரியார் சோழமண்டலக் கரையிலிருந்து இந்த வேலையை அடியிலிருந்து நுனிவரை விவரித்து ஊருக்குக் கடிதம் எழுதினார். அவர் பார்த்தது கையால் எழுதிச் சாயமேற்றும் வேலை, ஆனாலும் சாயப் பக்குவம் ஒன்றுதான். அந்தக் கடிதத்தின் தொடக்கத்திலேயே கடுக்காயும் எருமைப்பாலும் வந்துவிடுகின்றன. எதிர்வீட்டுப் பெரியவர் கேட்ட கேள்விக்கு வயது குறைந்தது 280 வருஷம்.

சங்கதி இதுதான். சிவப்புச் சாயம் பருத்தியில் தானாக ஒட்டாது. நடுவில் ஒரு தரகர் வேண்டும், அந்தத் தரகர் படிகாரம். படிகாரம் பருத்தியைப் பிடித்துக்கொள்ள இன்னொரு தரகர் வேண்டும், அது கடுக்காயின் துவர்ப்பு. ஆகவே இந்த முறையில் அச்சில் தொட்டு அடிப்பது சாயத்தை அல்ல, படிகாரக் கூழை. பிறகு துணி முழுவதையும் ஒரே சாயப்பானையில் முக்குகிறோம். படிகாரம் விழுந்த இடம் மட்டும் சிவப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும், மற்ற இடம் விட்டுவிடும். படிகாரத்துக்குப் பதில் இரும்புக் கரைசல் வைத்தால் அதே பானையில் அந்த இடம் மட்டும் கறுப்பு. முதல்தடவை பார்க்கும்போது யாருக்கும் இது மாயமாகத்தான் தெரியும்.

நம் பக்கத்தில் அந்தச் சிவப்பு சாயவேரிலிருந்து வந்தது. ராமேஸ்வரம் தீவின் மணலிலும் கடல்தாண்டி மன்னார்ப் பக்கமும் தோண்டியெடுத்த மெல்லிய வேர். அதில் இருக்கும் அலிசரின் என்னும் பொருளை 1868இல் ஜெர்மனியில் இரண்டு வேதியியலாளர்கள் செயற்கையாகச் செய்துவிட்டார்கள். பிறகு தகர டப்பாவில் சிவப்பு வந்தது, வேர் தோண்டியவர்கள் பிழைப்பு மண்ணாயிற்று. மதுரைப் பட்டறைகளும் டப்பாச் சிவப்புக்கு மாறின. இன்றைக்குச் சாயவேர் கடையில் கேட்டால் விழிப்பார்கள். அதனால் நாம் மஞ்சிட்டி வேரை எடுத்துக்கொள்வோம். சித்த மருந்துக்காக நாட்டு மருந்துக் கடைகளில் வைத்திருப்பார்கள். சாயவேர் அளவுக்கு அடர் சிவப்பு வராது, செங்கல்லும் மாதுளையும் கலந்த மாதிரி ஒரு நிறம். எனக்கு அது பிடிக்கும்.

இன்றைக்கே வைக்க வேண்டிய பானை

மற்றதை எல்லாம் பிறகு வாங்கிக்கொள்ளலாம், இரும்புக் கரைசல் பானையை மட்டும் இன்றைக்கே வைத்துவிடுங்கள். ஒரு மண்பானை அல்லது பிளாஸ்டிக் வாளி. துருப்பிடித்த ஆணி, பழைய லாடம், உடைந்த தாழ்ப்பாள், ஏதாவது கால் கிலோ. பழைய இரும்புக் கடையில் சில்லறைக்குக் கிடைக்கும். கல்வனைசு பூசிய ஆணி வேண்டாம். 100 கிராம் வெல்லம், 1 லிட்டர் தண்ணீர். மேலே துணி கட்டி மூடுங்கள். இறுக்கமான மூடி போடக் கூடாது, உள்ளே நுரைத்து வாயு வரும். தினம் ஒரு குச்சியால் கிண்டுங்கள். வெல்லம் புளித்து, அந்தப் புளிப்பு இரும்பைத் தின்று, 15 நாளில் பழுப்பு நிறத்தில் துருநாற்றத்தோடு ஒரு நீர் தங்கும். அதுதான் கறுப்பு. வீட்டில் என்ன நாற்றம் என்று சண்டை வரும், மாடிக்கு ஏற்றிவிடுங்கள்.

துணி

கஞ்சி குறைவாக உள்ள வெறும் பருத்தி. பாலியஸ்டர் ஒரு நூல் கலந்திருந்தாலும் அந்த நூல் வெளுப்பாகவே நிற்கும். சந்தேகமாக இருந்தால் ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள்: பருத்தி என்றால் காகிதம் எரிந்த வாசனையோடு சாம்பலாகும், கலப்பு என்றால் உருகி முத்தாகத் திரளும்.

நான் மேலமாசி வீதிக்குப் போய்க் கதர்தான் எடுப்பேன். 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி மேல்சட்டையைக் களைந்து அரை வேட்டிக்கு மாறியது அந்தத் தெரு 251ஆம் எண் வீட்டில். அந்தக் கட்டடத்திலேயே கதர்க்கடை இருக்கிறது. செண்டிமெண்டுக்காகச் சொல்லவில்லை. கதர் நூல் கொஞ்சம் மேடுபள்ளமாக இருப்பதால் சாயத்தை நன்றாகக் குடிக்கும், புதுக்கையின் கோணல்மாணலையும் மன்னிக்கும். கிடைக்காவிட்டால் காடாத்துணி போதும். மெல்லிய மல் துணியை மட்டும் முதலில் தொடாதீர்கள், அச்சோடு ஒட்டிக்கொண்டு எழும்பி வந்து கறை போடும்.

2 மீட்டர் துணி ஏறக்குறைய கால் கிலோ இருக்கும். சமையல் தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள், இனி எல்லா அளவும் அதை வைத்துத்தான்.

கடைத்துணியில் கஞ்சி, எண்ணெய், மெழுகு எல்லாம் இருக்கும். அகலமான பாத்திரத்தில் துணி மூழ்கத் தண்ணீர், ஒரு கரண்டி சலவைச் சோடா, கொஞ்சம் சோப்புத் தூள். ஒரு மணி நேரம் கொதிக்க வையுங்கள். தண்ணீர் தேநீர் நிறத்துக்குப் போகும். அலசி, ஒரு சொட்டுத் தண்ணீரைத் துணிமேல் விட்டுப் பாருங்கள். விட்ட மாத்திரத்தில் உறிஞ்சினால் சரி. முத்தாக உருண்டு நின்றால் மறுபடி கொதிக்க வைக்க வேண்டியதுதான். இங்கே சோம்பல்பட்டால் கடைசியில் சிவப்பு திட்டுத்திட்டாக வரும், அப்போது அழுது பிரயோசனமில்லை.

கடுக்காய்

கீழமாசி வீதிப் பக்கம் நாட்டு மருந்துக் கடைகளில் கேளுங்கள். கொட்டை நீக்கிய தோலாக வாங்கி இடிப்பது உத்தமம், பொடியாகவே வாங்கினாலும் பரவாயில்லை. துணி எடையில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது கால் கிலோ துணிக்கு 50 கிராம். ராத்திரி 3 லிட்டர் தண்ணீரில் ஊறவைத்துக் காலையில் மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். வேலை முடியும்வரை இரும்புச் சட்டி, இரும்புக் கரண்டி எதுவும் கிட்டே வரக் கூடாது, பட்ட இடம் கறுத்துவிடும்.

ஈரத்துணியை இதில் அரை மணி நேரம் புரட்டிப் புரட்டி ஊறவைத்து, முறுக்காமல் பிழிந்து, வெயிலில் சுருக்கமில்லாமல் விரியுங்கள். அலசக் கூடாது. காய்ந்தால் வெளிர் மஞ்சளாக, தொட்டால் லேசாக மொடமொடவென்று இருக்கும். சூரியனைப் பார்த்த பக்கத்தில் துவர்ப்பு கூடுதலாக ஏறும், அந்தப் பக்கத்தில்தான் அச்சடிக்க வேண்டும். மூலையில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து அடையாளம் செய்துகொள்ளுங்கள். கொடியில் போட்டால் துவர்ப்பு நீர் கீழே இறங்கி ஒரு முனை மட்டும் அடர்ந்து போகும், அதனால் தரையில் பாய் விரித்து அதன்மேல்.

மசூலிப்பட்டணம் பக்கம் கடுக்காயோடு எருமைப்பாலும் சேர்ப்பார்கள். பாலின் கொழுப்பு நூலில் படிந்து, கூழோ மையோ ஓரம் கசியாமல் தடுக்கும். வீச்சம் தாங்குகிறவர்கள் செய்து பார்க்கலாம். நம் வெயிலில் எறும்பும் ஈயும் வந்து மாடி ரணகளமாகிவிடும், நான் விட்டுவிட்டேன்.

அச்சு

குஜராத்தில் காந்திநகர் பக்கத்துப் பெத்தாபூர் அச்சு வெட்டுவதற்கே பேர்போன ஊர். தேக்குக் கட்டையில் வெட்டுவார்கள். இணையத்தில் தேடினால் கைச்செதுக்கு மர அச்சு நிறையக் கிடைக்கும். நம் ஊரில் கோயில் கதவு, தேர்ச்சிற்பம் செய்கிற தச்சர்களிடம் படம் வரைந்து கொடுத்தாலும் வெட்டித் தருவார்கள், ஆனால் இரண்டு விஷயத்தைச் சொல்லிக் கொடுங்கள். ஒன்று, கோடு குறைந்தது அரைக்கால் அங்குல ஆழம் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் குழியில் கூழ் தேங்கிவிடும். இரண்டு, அகலமான பரப்பாக வருகிற இடத்தில் பின்பக்கம்வரை சின்னத் துளை போட வேண்டும். அடிக்கும்போது உள்ளே சிக்கும் காற்று அந்தத் துளை வழியாக வெளியேறும். துளை இல்லாத அச்சில் பூவின் நடு எப்போதும் வெறுமையாக விழும்.

புது அச்சை எண்ணெயில் பத்து நாள் ஊறவிடுங்கள். மரம் பதமாகும், வெயிலில் வெடிக்காது. இரும்புப் பானையோடு இதையும் தொடங்கிவிட்டால் இரண்டும் ஒன்றாகத் தயாராகும். காசு செலவழிக்கத் தயங்குகிறவர்கள் வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டித் தொடங்கலாம். ஐந்து இதழ்ப் பூ, விலை ஒரு ரூபாய்கூட இல்லை. கேலிக்குச் சொல்லவில்லை, கை அழுத்தம் பழக வெண்டைக்காயை மிஞ்சிய வாத்தியார் கிடையாது.

வடக்கே ஒரே பூவுக்கு மூன்று அச்சு வைப்பார்கள்: கோட்டுக்கு ஒன்று, உள்நிரப்புக்கு ஒன்று, பின்னணிக்கு ஒன்று. நமக்கு இப்போதைக்குக் கோட்டுப்பூ ஒன்றும் கரை ஒன்றும் போதும்.

கூழ்

புளியங்கொட்டைதான் இதற்கு. தாயக்கட்டத்துக்கும் பல்லாங்குழிக்கும் சேர்த்து வைத்த டப்பாவைத் தேடுங்கள். வறுத்து, செந்தோலை முழுக்க நீக்கி, உள் பருப்பை மட்டும் மாவாக அரைக்க வேண்டும். செந்தோலில் துவர்ப்பு இருக்கிறது, மாவில் கலந்தால் கூழே கறைபடுத்தும். இரண்டு கைப்பிடி மாவைப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துப் பிறகு அடுப்பில் வைத்துக் கிண்டினால் பளபளவென்று கூழாகும். கோந்து கடையில் கிடைத்தால் அதையும் ஊறவைத்துக் கெட்டிக்குச் சேர்க்கலாம்.

50 கிராம் படிகாரத்தை அரை லிட்டர் சுடுதண்ணீரில் கரைத்து, ஆறியதும் பாதிக் கூழில் கலக்குங்கள். ஆப்ப மாவுப் பதம். படிகாரக் கூழுக்கு நிறமே இல்லை, எங்கே அடித்தோம் என்று தெரியாது, அதனால் ஒரு சிட்டிகைக் காவிப்பொடி சேருங்கள். கடைசிக் கழுவலில் அது போய்விடும். மீதிக் கூழில் வடிகட்டிய இரும்பு நீர். இதை மட்டும் முதலில் ஒரு கந்தலில் தொட்டுப் பாருங்கள். கடுக்காய் போட்ட துணியில் பட்டதும் கண்ணெதிரே கறுக்கும்.

இரும்பில் தாராளம் காட்டாதீர்கள். கறுப்பு அடர்த்தியாக வரட்டும் என்று கரைசலைக் காய்ச்சிக் கெட்டியாக்குகிறவர்கள் உண்டு. பழைய சீட்டித் துணிகளை அருங்காட்சியகத்தில் கூர்ந்து பார்த்தால், சிவப்பு அப்படியே இருக்கக் கறுப்புக் கோடு மட்டும் எலி கடித்தது போல அரித்துப் போயிருக்கும். இரும்பு நூலைத் தின்னும். வெளிர்க் கறுப்பே போதும்.

அடிக்கிற அரை நாள்

பழைய ஜமக்காளத்தை நாலாக மடித்து மேசையில் போட்டு, மேலே ஒரு கம்பளி, அதன்மேல் துவைத்த பழைய வேட்டி. கெட்டித் தரையில் அச்சு சரியாகப் பதியாது, மெத்தென்று இருக்க வேண்டும். துணியைச் சுருக்கமின்றி இழுத்து ஓரங்களைக் குண்டூசியால் குத்திவிடுங்கள்.

அச்சைக் கூழில் நேராகத் தோய்க்கக் கூடாது. ஒரு தட்டத்தில் கூழ் ஊற்றி, அதன்மேல் சாக்குத்துண்டு, அதற்கும் மேல் கம்பளித்துண்டு. கம்பளி குடித்த ஈரத்தை மட்டும் அச்சு எடுக்க வேண்டும். இரண்டு தடவை லேசாகத் தட்டி எடுத்து, துணியில் வைத்து, உள்ளங்கையின் அடிப்பாகத்தால் முதுகில் ஒரே குத்து. வைத்தபின் அசைக்காதீர்கள். நேர் மேலாகத் தூக்குங்கள்.

எங்கே வைப்பது என்பதுதான் புதியவர்கள் மிரளும் இடம். கோலம் போட்டவர்களுக்குப் பயமே வேண்டாம். நேர்ப்புள்ளிக் கோலம் மாதிரி வரிக்கு வரி நேர்கீழே வைத்தால் ஒரு தோற்றம், ஊடுபுள்ளி மாதிரி இரண்டு பூவுக்கு நடுவே அடுத்த வரிப் பூவை இறக்கினால் இன்னொரு தோற்றம். முதல் தடவை ஊடுபுள்ளியே வையுங்கள். நேர்ப்புள்ளியில் ஒரு பூ கால் அங்குலம் விலகினாலும் கண்ணைக் குத்தும், ஊடுபுள்ளியில் ஊருக்குத் தெரியாது. சாக்குக்கட்டியால் லேசாகக் கோடு இழுத்துக்கொள்ளலாம், கழுவும்போது போய்விடும்.

முதலில் கறுப்புக் கரை. அது காய்ந்ததும் சிவப்புக்கான படிகாரப் பூ. இடமிருந்து வலமாகப் போங்கள், இல்லாவிட்டால் முழங்கை ஈரத்தில் படும். பத்துப் பூவுக்கு ஒரு தடவை அச்சைப் பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்துவிடுங்கள். ஓரம் கசிந்தால் கூழ் நீர்த்திருக்கிறது. பூ பாதி விழுந்தால் மேசை மெத்தென்று இல்லை, அல்லது குத்து பலவீனம். பூ முழுக்க அடைத்துக்கொண்டு மொத்தையாக விழுந்தால் தட்டத்தில் கூழ் அதிகம். தப்பாக விழுந்ததைத் துடைக்கப் போகாதீர்கள், துடைத்தால் பெரிதாகும். அதை ஒட்டி இன்னும் இரண்டு பூ வைத்து, வேண்டுமென்றே செய்தது போல் முகத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

ஆடி மாதம் இதைச் செய்ய வேண்டாம். அம்மியே பறக்கும் என்கிறார்களே, அந்தக் காற்றில் மாடியில் ஈரக் கூழ்மேல் தூசி அப்பி ஒவ்வொரு பூவும் மண்பூவாகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கடுக்காய் காயாது. தை பிறந்ததிலிருந்து சித்திரை முடியும்வரை மதுரை வெயில் நமக்கு வேலைக்காரன்.

அடித்து முடித்த துணியை மூன்று நாள் நிழலில் சும்மா விடுங்கள். படிகாரம் நூலோடு ஒட்டிக்கொள்ள அந்தச் சும்மா தேவை. என் இரண்டாவது துண்டு இந்த இடத்தில்தான் கெட்டது. பொறுக்காமல் மறுநாளே கழுவினேன், சிவப்பு ஏறவே இல்லை.

கழுவலும் சாணமும்

நூலில் பிடிக்காத கூழ் முழுவதும் இப்போது போக வேண்டும். வைகையில் தண்ணீர் ஓடிய நாளில் துணியை நீரோட்டத்தில் நீளமாக விட்டிருப்பார்கள், கழன்ற கூழ் துணியிலேயே திரும்ப ஒட்டாமல் அடித்துக்கொண்டு போகும். நமக்குக் குழாய்த் தண்ணீர்தான். பெரிய டப்பில் நிறையத் தண்ணீர் வைத்து, துணியை மடிக்காமல், நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். துணி ஒரு நிமிடம் சுருண்டு கிடந்தாலும் ஒரு பூவின் படிகாரம் பக்கத்து வெற்றிடத்தில் ஒட்டி, சாயத்தில் பேய்ப்பூவாகத் தெரியும். மூன்று நாலு தண்ணீர் மாற்றுங்கள்.

அடுத்து, வெதுவெதுப்பான வாளித் தண்ணீரில் ஒரு கை பசுஞ்சாணம் கரைத்துக் கால் மணி நேரம் துணியைப் புரட்டுங்கள். முகம் சுளிக்க வேண்டாம். அலைந்து திரிகிற மிச்சப் படிகாரத்தைச் சாணம் பிடித்துவைத்துக்கொள்ளும். பழைய சாயக்காரர்கள் ஊர் ஊருக்குச் செய்தது, பிற்பாடு ஐரோப்பியச் சாயப்பட்டறைகளிலும் அப்படியே நடந்தது. மறுபடி நன்றாக அலசுங்கள்.

பானை ஏறும் நாள்

மஞ்சிட்டிப் பொடி 200 கிராம், முந்தின ராத்திரியே துணிப்பையில் கட்டி ஊறவைத்தது. பையில்லாமல் போட்டால் பொடி ஒட்டிய இடமெல்லாம் மச்சம் மச்சமாக நிற்கும். பாத்திரம் எவர்சில்வர் அல்லது செம்பு, துணி தாராளமாக நீந்துகிற அளவு. இந்தப் பாத்திரத்தில் அப்புறம் சமைக்க வேண்டாம். மதுரைப் போர்த் தண்ணீர் உப்பு, கடினம் என்று திட்டுவோம், சிவப்புச் சாயத்துக்குச் சுண்ணாம்புச் சத்துள்ள தண்ணீர் நல்லது. வைகைத் தண்ணீரில் நிறம் தூக்கும் என்று பழைய சாயக்காரர்கள் சொல்வார்கள்.

தண்ணீர் சூடேறும் முன்பே துணியை இறக்குங்கள். சூட்டை மெல்ல மெல்ல ஏற்றி, கை வைக்க முடியாத சூட்டுக்கு வர ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தச் சூட்டில் இன்னொரு மணி நேரம். கொதிக்க விட்டால் சிவப்பு மங்கிப் பழுப்படிக்கும். குச்சியால் புரட்டிக்கொண்டே இருங்கள், போனைக் கீழே வைத்துவிட்டு வாருங்கள். முதல் பத்து நிமிடம் ஒன்றும் நடக்காது. அப்புறம் காவிப்பூக்கள் ஒவ்வொன்றாகச் சிவக்கத் தொடங்கும்.

பானையிலேயே ஆறவிட்டு எடுத்து அலசினால் பூ சிவப்பு, கரை கறுப்பு, தரை, அதாவது பூவில்லாத இடம், மங்கலான ரோஸ். பயப்படாதீர்கள், தரையில் இருப்பது ஒட்டாத சாயம். பூந்திக்கொட்டை நீரில் அலசி, மாடியில் விரித்து, காயக் காயத் தண்ணீர் தெளித்து, மூன்று நாள் வெயில் காட்டுங்கள். தரை வெளுக்கும், பூ நிற்கும்.

இத்தனைக்கும் நேரமில்லை, குழந்தைகளுக்கு ஒரு மத்தியானம் பொழுதுபோக வேண்டும் என்றால் பிக்மெண்ட் கலரும் அதை ஒட்டவைக்கும் பைண்டரும் வாங்கி அடித்து, காய்ந்தபின் பின்பக்கமாக இஸ்திரி போடுங்கள். தப்பில்லை. அது துணிமேல் ஒட்டிய படலம், தொட்டாலே தெரியும். நாப்தால் வகைச் செயற்கைச் சாயங்களை மட்டும் வீட்டில் தொடாதீர்கள், அதற்குப் பட்டறையும் கழிவுநீர் ஏற்பாடும் வேண்டும்.

கடையில் பார்க்கும்போது

ஒரு தடவை செய்துவிட்டால் கண் மாறிவிடும். கையால் அடித்த துணியில் அச்சும் அச்சும் சேரும் இடத்தில் நூலளவு இடைவெளியோ மேல்விழுதலோ இருக்கும், பின்பக்கமும் நிறம் ஓரளவு இறங்கியிருக்கும். துணி முழுக்க ஒரே அச்சுப் பிசகாமல் இருந்தால் அது திரை அச்சோ எந்திரமோ.

நம் சுங்குடி வேறு வகை. துணியைக் கிள்ளிக் கிள்ளி நூலால் முடிச்சிட்டுச் சாயத்தில் முக்குவது, சௌராஷ்டிரக் குடும்பத்துப் பெண்கள் காலங்காலமாகச் செய்த வேலை. 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது அதற்குத்தான். இன்று 'சுங்குடி' என்று கடையில் தொங்குவதில் பெரும்பாலானவை மெழுகு அச்சு. காய்ச்சிய மெழுகில் அச்சைத் தோய்த்துத் துணியில் அடித்து, சாயத்தில் முக்கி, பிறகு சுடுதண்ணீரில் மெழுகை எடுப்பார்கள். மெழுகு பட்ட இடம் வெள்ளையாக நிற்கும். நாம் செய்ததற்கு நேர் எதிர். அதுவும் கைவேலைதான், மோசமில்லை, ஆனால் முடிச்சு வேலையின் விலையைச் சொன்னால் ஏமாறாதீர்கள். முடிச்சுச் சுங்குடியில் ஒவ்வொரு புள்ளியும் துணியில் லேசாகப் புடைத்து நிற்கும், ஒன்று போல் இன்னொன்று இராது. மெழுகு அச்சில் புள்ளிகள் சமதளமாக, மெழுகு விரிசல் விட்ட இடத்தில் மயிரிழைக் கோடுகளோடு இருக்கும்.

மூன்றாவது துண்டை எதிர்வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன். பெரியவர் ஒரு மூலையை எச்சிலில் நனைத்துத் தன் வெள்ளை வேட்டியில் அழுத்தித் தேய்த்தார். வேட்டியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். ஒன்றும் ஒட்டவில்லை. "கறுப்புலதான் கொஞ்சம் அவசரம். பானையை எத்தனை நாள் வச்ச?" என்றார். பன்னிரண்டு நாள்தான் வைத்திருந்தேன். அவர் சொன்ன மூன்று நாளையும் சேர்த்துத்தான் மேலே 15 என்று எழுதியிருக்கிறேன். அடுத்த துணி போடும் எண்ணம் இருந்தால், வடிகட்டிய அதே ஆணிகளில் புது வெல்லத் தண்ணீர் ஊற்றி மாடியில் ஓரமாக வைத்துவிடுங்கள்.